வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி உருவாகும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோழிகளைத் தாக்கும் வைரஸ் நோய்கள் பல. ஆனால் தடுப்பூசி செய்யும் கலையை முழுதாகக் கற்றுக்கொள்ள வெள்ளைக் கழிச்சலைவிட நல்ல பாடம் இல்லை. அதனால் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அதைப் பற்றியே பேசுகிறோம். மேரக் (கட்டி உண்டாக்கும் நோய்), கம்போரோ (குஞ்சின் நோய் எதிர்ப்பு உறுப்பைத் தாக்கும் நோய்), பறவைக் காய்ச்சல் ஆகியவை தேவைப்படும் இடத்தில் வரும். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள், கால்நடை மருத்துவ மாணவர்கள், தடுப்பூசிக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பும் பண்ணையாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது இது.

வெள்ளைக் கழிச்சல், இராணிக்கெட், நியூகாசில்: மூன்றும் ஒன்றா?

ஒன்றுதான். 1926-இல் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இந்நோய் முதலில் பதிவானது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவுன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கோழி வெள்ளையும் பச்சையுமாகக் கழிவதைப் பார்த்து நம் ஊரில் வைத்த பெயர் வெள்ளைக் கழிச்சல். மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்வது, முட்டை சட்டென்று குறைவது ஆகியவையும் இதே வைரஸின் வேலைதான். கழிச்சல் இல்லையென்றால் இந்நோய் இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

ஒரே வைரஸ் ஒரு பண்ணையை அழிக்கிறது. அதன் இன்னொரு வகை தடுப்பூசியாகிறது. எப்படி?

விடை வைரஸின் மேலுறையிலுள்ள எஃப் என்ற புரதத்தில் இருக்கிறது. வைரஸ் செல்லுக்குள் நுழைய வேண்டுமானால், இந்தப் புரதத்தைக் கோழியின் ஒரு நொதி குறிப்பிட்ட இடத்தில் இரண்டாக வெட்ட வேண்டும். வெட்டுப்படாத புரதத்தோடு வெளிவரும் வைரஸால் அடுத்த செல்லைத் தொற்ற முடியாது.

வீரியமான வகைகளில் அந்த வெட்டுமிடத்தில் ஆர்ஜினின், லைசின் போன்ற கார அமினோ அமிலங்கள் நெருக்கமாக நிற்கும். 117-ஆம் இடத்தில் ஃபினைலலனின் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தை வெட்டும் நொதி உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் உண்டு. ஆகவே மூளை, மண்ணீரல், குடல் என வைரஸ் எங்கும் பரவும். மென்மையான வகைகளில் கார அமிலங்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். 117-இல் லூசின் இருக்கும். அதை வெட்டக்கூடிய, டிரிப்சினை ஒத்த நொதிகள் மூச்சுப்பாதையிலும் குடலிலும்தான் கிடைக்கின்றன. வைரஸ் அந்த எல்லைக்குள் மட்டும் வளர்ந்து, நோய் எதிர்ப்பைத் தூண்டிவிட்டு ஓய்ந்துவிடும். சுமார் 15,200 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ.-வில் சில எழுத்துகளின் வேறுபாடுதான் இத்தனைக்கும் காரணம்.

இப்போது புழங்கும் ஸ்ட்ரெயின்கள் (தடுப்பூசிக்கான வைரஸ் வகைகள்) எங்கிருந்து வந்தன?

இரண்டு வழிகளில். ஒன்று, இயற்கையிலேயே மென்மையாக இருந்தவற்றைக் கண்டெடுத்தது. லசோட்டா, 1946-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பண்ணையிலிருந்து பிரிக்கப்பட்டது. பண்ணையாளரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பி1, எஃப் (இது ஸ்ட்ரெயினின் பெயர், மேலே சொன்ன புரதம் அல்ல) ஆகியவையும் இந்த வகைதான். இவற்றுக்கு லென்டோஜெனிக், அதாவது மென்மையானவை, என்று பெயர்.

இரண்டாவது வழி, வீரியமான வைரஸைத் திரும்பத் திரும்ப வேறொரு சூழலில் வளர்த்து அடக்கியது. 1940-களில் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் உள்ளூர் வைரஸைக் கருமுட்டைகளில் தொடர்ந்து கடத்திப் பெற்றதுதான் ஆர்2பி. கொமரோவ் ஸ்ட்ரெயின் வாத்துக் குஞ்சுகளின் மூளையில் கடத்தி அடக்கப்பட்டது, தமிழ்நாட்டில் ‘ஆர்.டி.வி.கே.’ என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குவது இதைத்தான். இவை மீசோஜெனிக், அதாவது நடுத்தர வீரியம். எதிர்ப்பு வலுவாகவும் நீண்ட நாளும் நிற்கும். ஆனால் முன்தடுப்பு இல்லாத இளங்குஞ்சுக்குப் போட்டால் தடுப்பூசியே அதைச் சாய்த்துவிடும். எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு மட்டும், தோலுக்கடியில் 0.5 மி.லி. என்ற விதி இதனால்தான் வந்தது.

புதிதாக ஒரு மென்மையான வைரஸ் கிடைத்தால் உடனே தடுப்பூசி விதையாக்கலாமா?

முடியாது. முதலில் அது உண்மையிலேயே மென்மையானதா என்று நிரூபிக்க வேண்டும். அதற்கான அளவுகோல் மூளைவழி நோய்த்திறன் குறியீடு. பொரித்து 24 முதல் 40 மணி நேரமான, கிருமியற்ற மந்தையின் பத்துக் குஞ்சுகளுக்கு, வைரஸ் திரவத்தைப் பத்து மடங்கு நீர்த்து 0.05 மி.லி. மூளைக்குள் செலுத்துவார்கள். எட்டு நாள் தினமும் பார்த்து, நலமென்றால் 0, நோயுற்றால் 1, இறந்தால் 2 எனக் குறித்து, எண்பது குறிப்புகளின் சராசரியை எடுப்பார்கள். உச்சம் 2.0. உலக விலங்கு நல அமைப்பின் வரையறைப்படி 0.7-ம் அதற்கு மேலும் வந்தால் அது அறிவிக்க வேண்டிய நோயின் வைரஸ். சோதனைக்குச் சோதனை எண் சற்று ஆடும் என்பதால் தடுப்பூசி விதைக்கு 0.4-ஐத் தாண்டாதது வேண்டும் என்கிறார்கள். இந்தக் கணக்கில் ஆர்2பி, கொமரோவ் இரண்டுமே கோட்டுக்கு வெளியேதான் நிற்கின்றன. நோய் ஊரெங்கும் நிலைத்துவிட்ட நாடுகளில்தான் இவற்றுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

குறியீடு குறைவாக இருந்தால் மட்டும் போதாது. வைரஸைக் கோழியிலிருந்து கோழிக்குக் குறைந்தது ஐந்து முறை கடத்தி, வீரியம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டுமிடத்தின் வரிசையை முதல் கடத்தலிலும் கடைசிக் கடத்தலிலும் படித்து ஒப்பிட வேண்டும். பத்து மடங்கு டோஸ் கொடுத்தும் குஞ்சு நலமாக இருக்க வேண்டும். இவற்றில் தேறினால்தான் தாய்விதை என்று பெயரிட்டு, சிறு குப்பிகளில் பிரித்து, மைனஸ் 70 டிகிரியில் வைப்பது. அதிலிருந்து வேலைவிதை, வேலைவிதையிலிருந்து உற்பத்தி. தாய்விதைக்கும் விற்பனைக் குப்பிக்கும் இடையே ஐந்து கடத்தல்களுக்கு மேல் போகக் கூடாது. ‘நன்றாக வளர்கிற பேட்ச், அதையே விதையாக வைத்துக்கொள்வோம்’ என்று ஆரம்பிப்பவர்கள், சில ஆண்டுகளில் தங்கள் கையில் இருப்பது எந்த வைரஸ் என்றே சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிடுவார்கள்.

கருமுட்டையில் வளர்ப்பது எப்படி? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முட்டைகளை 37.5 டிகிரியில் அடைவைத்து, ஒன்பது முதல் பதினோரு நாள் கரு ஆனதும் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் விளக்கொளியில் பார்த்து, இரத்தக்குழாய்கள் தெளிவாக ஓட, கரு அசைகிற முட்டைகளை மட்டும் வையுங்கள். காற்றறையின் எல்லையைப் பென்சிலால் வரைந்து, அதற்கு 3 முதல் 5 மி.மீ. மேலே, குழாய் இல்லாத இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். 70 சத ஆல்கஹாலால் துடைத்து, அந்தப் புள்ளியில் சிறு துளை.

வேலைவிதையை, 0.1 மி.லி.-யில் ஆயிரம் முதல் பத்தாயிரம் தொற்று அலகு இருக்கும்படி நீர்த்துக்கொண்டு, மெல்லிய ஊசியால் அலன்டாயிக் பைக்குள் (கருவைச் சுற்றியுள்ள திரவப் பை) செலுத்துங்கள். ‘நிறைய விதைத்தால் நிறைய விளையும்’ என்பது வயலுக்கே முழுதாகப் பொருந்தாது. இங்கே பொருந்தவே பொருந்தாது. விதை அளவு மிகுந்தால் குறைபட்ட வைரஸ் துகள்கள் பெருகி, நல்ல வைரஸின் வளர்ச்சியைத் தடுத்து, டைட்டர் (ஒரு மி.லி.-யிலுள்ள உயிர்வைரஸ் அளவு) குறையும்.

துளையை மெழுகால் அடைத்து, காற்றறை மேலே இருக்க, 37 டிகிரியில் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் இறந்த கருவை வீசிவிட வேண்டும். அது ஊசிக்காயமோ பாக்டீரியாவோதான், வைரஸின் வேலை அல்ல. மென்மையான ஸ்ட்ரெயின் கருவைக் கொல்ல 90 மணிக்கு மேல் எடுக்கும் என்பதால் லசோட்டாவை 96 மணி வரை விடலாம்.

அறுவடைக்கு முன் முட்டைகளை 4 டிகிரியில் ஓர் இரவு வைப்பது கட்டாயம். அவசரத்தில் பலர் இதைச் சுருக்கிவிடுகிறார்கள். குளிர்ந்தால் கரு இறந்து, குழாய்கள் சுருங்கி, திறக்கும்போது இரத்தம் கசியாது. இரத்தம் கலந்தால் சிவப்பணுக்களில் வைரஸ் ஒட்டிக்கொண்டு, திரவத்தில் இருக்க வேண்டியது அடியில் படிந்துவிடும். பிறகு காற்றறை ஓட்டை வெட்டி, சவ்வைக் கிழித்து, கருவை ஒதுக்கிப் பிடித்துத் திரவத்தை உறிஞ்சுங்கள். முட்டைக்கு 5 முதல் 10 மி.லி. கிடைக்கும். கலங்கியதையும் மஞ்சள்கரு கலந்ததையும் பொதுப் பாத்திரத்தில் ஊற்றவே கூடாது. ஒரு கெட்ட முட்டை ஐந்நூறு முட்டையின் உழைப்பைக் கெடுத்துவிடும்.

ஒவ்வொரு முட்டையிலிருந்தும் ஒரு துளி எடுத்துக் கோழிச் சிவப்பணுவோடு தட்டில் கலந்தால், வைரஸ் இருக்குமிடத்தில் அணுக்கள் திரிதிரியாக ஒட்டும். விரைவான சோதனைதான். ஆனால் செத்த வைரஸும் சிவப்பணுவை ஒட்டவைக்கும் என்பதை மறக்கக் கூடாது. ‘எச்.ஏ. (சிவப்பணுவை ஒட்டவைக்கும் திறனின் அளவு) 512 வந்திருக்கிறது, பேட்ச் பிரமாதம்’ என்று சொல்லிவிட்டு உயிர்வைரஸ் அளவை அளக்காமல் விடுவது, புதிதாக வருபவர்களிடம் நாம் பார்க்கும் முதல் தவறு.

சாதாரணப் பண்ணை முட்டையில் செய்தால் என்ன? எஸ்.பி.எஃப். முட்டை விலை அதிகமாயிற்றே.

எஸ்.பி.எஃப். என்பது குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லை என்று தொடர்ந்து சோதிக்கப்படும் மந்தை. வடிகட்டிய காற்று, கடுமையான காவல், எனவே விலை. மாறாகப் பண்ணை முட்டையில் இரண்டு ஆபத்துகள். தடுப்பூசி போட்ட தாயின் எதிர்ப்புப் பொருள் முட்டைக்குள் இறங்கியிருக்கும். விளைச்சல் முட்டைக்கு முட்டை மாறும். இது நஷ்டம் மட்டும்தான். இரண்டாவதுதான் பயங்கரம்: தாயிலிருந்து முட்டைக்குக் கடந்துவரும் லூகோசிஸ், ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ், கோழி இரத்தசோகை வைரஸ், மைக்கோபிளாஸ்மா போன்றவை தடுப்பூசியோடு சேர்ந்தே நாடு முழுக்கப் போய்விடும்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 1976-இல் நெதர்லாந்தில் முதலில் விவரிக்கப்பட்ட, தோல்முட்டையும் ஓடில்லா முட்டையும் இடவைக்கும் ஈ.டி.எஸ். நோயின் அடினோவைரஸ் வாத்துகளுக்கு உரியது. வாத்துக் கருச்செல்களில் வளர்த்த மேரக் தடுப்பூசி வழியாக அது கோழிக்கு வந்திருக்க வேண்டும் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நோயைத் தடுக்கப் போன மருந்தே புது நோயைக் கொண்டுவந்தது. எஸ்.பி.எஃப். முட்டையின் விலையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு முட்டையிலிருந்து எத்தனை டோஸ் கிடைக்கும்?

கணக்கு எளிது. திரவம் 8 மி.லி., டைட்டர் மி.லி.-க்கு 10⁹ இ.ஐ.டி.50 (பாதி முட்டைகளைத் தொற்றும் அளவுதான் ஓர் அலகு) என்றால் மொத்தம் 8×10⁹. கோழிக்குச் சேரவேண்டியது 10⁶. உலர்த்தும்போதும் இருப்பில் இருக்கும்போதும் பத்தில் ஒன்பது பங்கு வைரஸ் போய்விடலாம் என்று வைத்து, டோஸுக்கு 10⁷ என நிரப்பினால் ஒரு முட்டைக்கு 800 டோஸ். டைட்டர் 10⁸-க்கு இறங்கினால் அதே முட்டை 80 டோஸ்தான் தரும். தொழிற்சாலையின் இலாபநஷ்டம் இந்த ஒரு எண்ணில் நிற்கிறது. டைட்டரை அளக்க, பத்துப்பத்து மடங்காக நீர்த்து, ஒவ்வொரு நீர்ப்புக்கும் ஐந்து முட்டையாவது போட வேண்டும்; இரண்டு முட்டையில் சிக்கனம் பிடித்தால் வரும் எண்ணை நம்பிப் பயனில்லை.

உலர்த்துவதில் என்ன சிரமம்? நீரை எடுப்பதுதானே?

வைரஸைக் கொல்லாமல் நீரை எடுப்பதுதான் சிரமம். சர்க்கரை, கொழுப்பு நீக்கிய பால் அல்லது லாக்டால்புமின் சிதைபொருள் போன்ற காப்புப்பொருள் கலந்து, குப்பிகளில் நிரப்பி, மைனஸ் 40-க்குக் கீழே உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேராக ஆவியாக்குவார்கள். அவசரப்பட்டுத் தட்டைச் சூடாக்கினால் உறைந்த கட்டி உள்ளுக்குள் இளகிச் சரிந்துவிடும். குப்பியைப் பார்த்தாலே தெரியும்: பஞ்சுபோல முழு வட்டமாக நிற்க வேண்டியது ஓரத்தில் சுருங்கி, பாகுபோல ஒட்டியிருக்கும். மிஞ்சும் ஈரம் 3 சதத்தைத் தாண்டினால் குளிர்ப்பெட்டியிலேயே டைட்டர் மாதாமாதம் கரையும். மூடியைத் திறக்கும்முன் ஊசியால் டைலூயன்டைச் (மருந்தைக் கரைக்கும் திரவம்) செலுத்தும்போது, அது தானாகவே உள்ளே இழுக்கப்பட வேண்டும். இழுக்கவில்லை என்றால் வெற்றிடம் போய்விட்டது. அந்தக் குப்பி வேண்டாம். (சில நிறுவனங்கள் நைட்ரஜன் நிரப்பி மூடுகின்றன. அங்கே இந்தச் சோதனை செல்லாது, லேபிளைப் பாருங்கள்.)

எண்ணெய்த் தடுப்பூசி எப்படிச் செய்யப்படுகிறது?

இதில் வைரஸ் உயிரோடு இல்லை. அதே அலன்டாயிக் திரவத்தை ஃபார்மலின் அல்லது பீட்டா புரோப்பியோலாக்டோனால் செயலிழக்கச் செய்வார்கள். ஃபார்மலின் ஆயிரத்துக்கு ஒரு பங்கு என்பது பழைய வழக்கம். அளவு மிகுந்தால் வைரஸ் சாவதோடு அதன் மேற்புரதங்களின் வடிவமும் கெட்டு, எதிர்ப்பு பலவீனமாக வரும். புரோப்பியோலாக்டோன் நீரில் சிதையும்போது அமிலமாகும்; தாங்கல் கரைசல் போதாவிட்டால் பி.எச். சரிந்து ஆன்டிஜன் (எதிர்ப்பைத் தூண்டும் வைரஸ் புரதம்) பாழ். கலக்கும் தொட்டியில் மூடியோரம், குழாயின் முனை ஆகிய ‘நனையாத மூலை’களில் உயிர்வைரஸ் தங்கிவிடுவதும் உண்டு. பாதி வழியில் வேறு கலனுக்கு மாற்றுவது இதற்காகத்தான். எல்லாம் செத்ததா என்று கருமுட்டையில் இரண்டு முறை கடத்திப் பார்த்த பின்னரே அடுத்த படி.

பிறகு கனிம எண்ணெயில் நீர்த்துளிகளாகக் குழைப்பது. எண்ணெய் எழுபது, நீர் முப்பது என்ற அளவில் தொடங்குவது வழக்கம். குழம்பு சரியாக வந்ததா என்று பார்க்க, குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விடுங்கள்: கலையாமல் முத்தாக மிதக்க வேண்டும். பால்போலப் பரவினால் உள்வெளி மாறி, எண்ணெய் உள்ளேயும் நீர் வெளியேயும் ஆகிவிட்டது. இந்தக் குழம்பை ஒருபோதும் உறையவிடக் கூடாது. ஃப்ரீசரில் வைத்துத் திரிந்துபோன பாட்டிலைக் குலுக்கிப் போடுவதால் கோழிக்கு வலி மட்டுமே மிச்சம்.

தடுப்பூசி வேலை செய்கிறது என்று எப்படி நிரூபிக்கிறார்கள்?

இரத்தப் பரிசோதனை பாதி விடைதான். எச்.ஐ. சோதனையில் (வைரஸ் சிவப்பணுவை ஒட்டவைப்பதை எதிர்ப்புப் பொருள் எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது) 4 எச்.ஏ. அலகு வைரஸை எதிர்த்து நிற்கும் சீரத்தின் நீர்ப்பைப் பார்ப்பார்கள். 2-இன் மூன்றாம் அடுக்கு, அதாவது 8, பொதுவாகச் சாவிலிருந்து காக்கும் எல்லை. ஆனால் கண்ணிலும் மூக்கிலும் உருவாகும் உள்ளூர் எதிர்ப்பு இந்த எண்ணில் தெரியாது.

இறுதி நிரூபணம் வீரியமான வைரஸைச் செலுத்திப் பார்ப்பதே. உயிர்த் தடுப்பூசியில் தடுப்பூசி பெற்றவற்றில் 90 சதமாவது பிழைக்க வேண்டும், பெறாதவை எல்லாம் சாக வேண்டும். கடைசிச் சொல் முக்கியம்: பெறாத கோழிகளும் பிழைத்தால் அந்தச் சோதனையே செல்லாது, எத்தனை பிழைத்தாலும் பெருமை இல்லை. செயலிழந்த தடுப்பூசிக்கு ஐரோப்பிய மருந்தகக் குறிப்பு இன்னும் கடுமை. டோஸில் 25-இல், 50-இல், 100-இல் ஒரு பங்கை மட்டும் கொடுத்து, பிறகு வீரிய வைரஸைச் செலுத்தி, ஒரு டோஸில் பாதிக் கோழிகளைக் காக்கும் அலகு ஐம்பதாவது உண்டா என்று கணக்கிடுவார்கள். வீரிய வைரஸோடு செய்யும் இந்த வேலைக்கு உயர்பாதுகாப்புக் கூடம் வேண்டும். இந்தியாவில் அந்த வசதியுள்ள இடங்கள் சிலவே.

லசோட்டா எண்பது ஆண்டு பழையது. இன்று சுற்றும் வைரஸை அது தடுக்குமா?

சாவைத் தடுக்கும், பரவலை முழுதாகத் தடுக்காது. வைரஸில் செரோடைப் (எதிர்ப்புப் பொருள் அடையாளம் காணும் வகை) ஒன்றே என்பதால் எந்தத் தடுப்பூசியும் எந்த வகையிடமிருந்தும் ஓரளவு காக்கும். ஆனால் லசோட்டா இரண்டாம் ஜீனோடைப் (மரபணு வரிசையால் பிரித்த வகை). இந்தியாவில் இப்போது அதிகம் பிரித்தெடுக்கப்படுபவை ஏழாவதும் பதின்மூன்றாவதும். தடுப்பூசியும் களவைரஸும் ஒத்த ஜீனோடைப்பாக இருந்தால் தொற்றிய கோழி வெளியேற்றும் வைரஸ் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

அதற்கான வழி தலைகீழ் மரபியல். 1999-இல் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் இந்த வைரஸை முழுக்க டி.என்.ஏ. பிரதியிலிருந்து உயிர்ப்பித்தார்கள். முழு மரபுத்தொகுதியின் பிளாஸ்மிடோடு (வளைய வடிவ டி.என்.ஏ.), வைரஸின் என்.பி., பி, எல் புரதங்களுக்கான மூன்று துணைப் பிளாஸ்மிடுகளையும் செல்லுக்குள் அனுப்ப வேண்டும். ஏழாம் ஜீனோடைப்பின் எஃப், எச்.என். (மேலுறையின் இன்னொரு புரதம்) மரபணுக்களை எடுத்து, வெட்டுமிடத்தை மட்டும் லசோட்டாவைப் போல மாற்றி எழுதினால், தோற்றம் புதியது, குணம் மென்மையானது. சீனாவின் யாங்சோ பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏழாம் ஜீனோடைப் தடுப்பூசி இந்த வழியில் வந்தது.

இதில் புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. இந்த வைரஸின் மொத்த நீளம் ஆறால் மீதியின்றி வகுபட வேண்டும். 15,186, 15,192 என்ற நீளங்களைப் பாருங்கள். ஒரு மரபணுவைச் செருகும்போது ஓரெழுத்து கூடினால்கூட வைரஸ் உயிர்பெறாமல் போகும், அல்லது சோம்பலாக வளரும். மாதக்கணக்கில் செல்லையும் ரசாயனத்தையும் குறைசொல்லிக்கொண்டிருந்து, கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஐந்தோ ஒன்றோ மீதி நிற்கும்.

ஆனாலும் எங்கள் கருத்து: பெரும்பாலான பண்ணைகளில் கழிச்சல் வருவதற்குக் காரணம் ஜீனோடைப் அல்ல. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

தடுப்பூசி போட்டும் கோழி சாகிறதே, ஏன்?

முதல் சந்தேகம் தாய்வழி எதிர்ப்பு. குஞ்சின் இரத்தத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சுமார் நான்கரை நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது. பொரிக்கும்போது எச்.ஐ. 2-இன் ஏழாம் அடுக்கு என்றால், மூன்றாம் அடுக்குக்கு இறங்க 18 நாள். ஐந்தாம் நாள் உயிர்த் தடுப்பூசியைத் தசையில் போட்டால் அதை அந்த எதிர்ப்பே அடக்கிவிடும். கண்சொட்டாகப் போட்டால் கண்ணின் பின்னுள்ள ஹார்டர் சுரப்பியில் நேராக வேலை நடக்கும், எதிர்ப்பு இருந்தாலும் ஓரளவு பிடிக்கும். முதல் டோஸைக் கண்ணிலோ மூக்கிலோ விடச் சொல்வது இதனால்தான். கம்போரோவில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. அங்கே குஞ்சின் சீரம் டைட்டரைப் பார்த்து நாள் குறிக்காமல் போடுவது குருட்டடி.

இரண்டாவது, சொட்டின் அளவு. ஆயிரம் டோஸை 30 மி.லி.-யில் கரைத்தால் சொட்டு 0.03 மி.லி. இருக்க வேண்டும். உங்கள் துளிக்குப்பியில் ஒரு மி.லி.-க்கு எத்தனை சொட்டு வருகிறது என்று எண்ணுங்கள்: 33-க்கு அருகில் இருக்க வேண்டும். இருபதுதான் வந்தால் அறுநூறு கோழியில் மருந்து தீர்ந்துவிடும். மீதிக்கு வேலையாள் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும்.

மூன்றாவது, குடிநீர். குளோரின் கலந்த நீர் வைரஸை நிமிடங்களில் கொல்லும். இரண்டு நாள் முன்பே குளோரினை நிறுத்தி, லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பற்ற பால்பொடி கலந்து, அரைமணி கழித்து மருந்தைக் கலக்குங்கள். ஒன்றிலிருந்து இரண்டு மணி தாகத்தில் வைத்து, கொடுத்த நீர் இரண்டு மணிக்குள் தீரும் அளவுக்குக் கணக்கிடுங்கள். கோடையில் தாகநேரத்தைக் குறைக்க வேண்டும். நிப்பிள் லைனுக்குள் (கோழி குடிக்கும் குழாய்) நேற்றைய மருந்துநீர் நின்றுகொண்டிருப்பதைப் பெரும்பாலோர் மறக்கிறார்கள்.

எச்.வி.டி. வெக்டர் தடுப்பூசி ஹேட்சரியிலேயே போடுகிறார்களே, அது போதாதா?

வான்கோழியின் தீங்கற்ற ஹெர்பிஸ் வைரஸுக்குள் கழிச்சலின் எஃப் மரபணுவைச் செருகியது இது. 18-ஆம் நாள் கருவிலோ ஒரு நாள் குஞ்சிலோ போடலாம். தாய்வழி எதிர்ப்பு அவ்வளவு தொந்தரவு செய்யாது. பாதுகாப்பு நீண்டு நிற்கும். மூச்சுப்பாதையில் எதிர்வினை இல்லை. குறை, வேகம். முழுப் பாதுகாப்பு வர மூன்று நான்கு வாரமாகும். நோய் அழுத்தம் மிகுந்த பகுதியில் இடைக்காலத்துக்கு உயிர்த் தடுப்பூசி கூட வேண்டும். எச்.வி.டி.-யில் செய்த இரண்டு வெவ்வேறு வெக்டர்களை ஒரே குஞ்சுக்குப் போட்டால் ஒன்று மற்றொன்றைப் பிடிக்கவிடாது.

இது உயிருள்ள செல்லுக்குள் இருக்கும் வைரஸ்; திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வரும். ஆம்பூலை 27 டிகிரி நீரில் ஒரு நிமிடத்துக்குள் உருக்கி, உடனே டைலூயன்டில் சேர்த்து, ஒரு மணிக்குள் போட்டு முடிக்க வேண்டும். செல் வெடித்தால் வைரஸும் போயிற்று. கேனில் நைட்ரஜன் ஒருமுறை தீர்ந்து மறுபடி நிரப்பப்பட்டிருந்தால் வெளிப்பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

வெயில் தாங்கும் தடுப்பூசி உண்டா? கிராமத்தில் குளிர்பெட்டிக்கு எங்கே போவது?

உண்டு. ஆஸ்திரேலியாவில் நலமான கோழிகளிலிருந்து எடுத்த வைரஸ்களை 56 டிகிரியில் வாட்டி, தாக்குப்பிடித்தவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஐ-2 அப்படி வந்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகள் அதைத் தங்கள் ஆய்வகங்களிலேயே தயாரிக்கின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் டி58 என்ற ஸ்ட்ரெயினைக் கொண்டு, தீவனத்தோடு போடும் குருணை வடிவில் தடுப்பூசி செய்திருக்கிறது. புறக்கடையில் மரத்தில் அடையும் கோழியைப் பிடித்து ஊசி போட முடியாத வீடுகளுக்கு இது வரம்.

வெப்பம் தாங்கும் என்றால் எதையும் தாங்கும் என்று பொருளல்ல. நேரடி வெயில் இதையும் கொல்லும். வாய்வழியில் ஒரே டோஸ் போதாது, திரும்பக் கொடுக்க வேண்டும். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இலவச முகாமில் எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கு ஊசி போட்டுவிடுவதும் இதோடு சேர வேண்டும். கோடை தொடங்கினால்தான் ஊரில் கழிச்சல் உச்சம்.

மேரக் தடுப்பூசியால்தான் அந்த வைரஸ் கொடூரமானது என்கிறார்களே?

அதில் சாரம் இருக்கிறது. மேரக் தடுப்பூசி கட்டியைத் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. தடுப்பூசி இல்லாத கோழியில் கொடிய வைரஸ் பரவும்முன் கோழி செத்துவிடும். தடுப்பூசி பெற்ற கோழி பிழைத்திருந்து பல நாள் வைரஸை உதிர்க்கும். 2015-இல் ஆய்வாளர் ஆன்ட்ரூ ரீடின் குழு இதைச் சோதனையில் காட்டியது. இதனால் தடுப்பூசியை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. நிறுத்தினால் கோழி பிழைக்காது. பரவலைக் குறைக்கும் தடுப்பூசி ஏன் வேண்டும் என்பதற்கு இதுதான் வலுவான வாதம்.

பறவைக் காய்ச்சலுக்கு மட்டும் ஏன் தடுப்பூசி போடவில்லை?

பறவைக் காய்ச்சலின் வீரியமிக்க எச்5என்1 வகை வந்தால் சுற்றுவட்டத்துக் கோழிகளைக் கொன்று அழிப்பதே இந்தியாவின் வழி. தடுப்பூசி போட்டால் தொற்றிய கோழியும் நலமாகத் தெரியும், ஏற்றுமதியும் தடைபடும் என்பது தயக்கம். 2023 அக்டோபரில் பிரான்ஸ் வாத்துகளுக்குத் தொடங்கியபோது, தொற்றிய பறவையைத் தடுப்பூசி பெற்றதிலிருந்து பிரித்தறியும் கண்காணிப்பையும் சேர்த்தே தொடங்கியது. எச்9என்2 என்ற இன்னொரு வகை வேறு கதை: முட்டையைக் குறைக்கும், மற்ற கிருமிகளோடு சேர்ந்து சாகடிக்கும். அதற்குப் போபாலிலுள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் நிறுவனம் செயலிழந்த தடுப்பூசி ஒன்றை உருவாக்கியிருக்கிறது.

தடுப்பூசி போடுபவர் கண்ணில் பட்டால்? விரலில் குத்திவிட்டால்?

உயிர்த் தடுப்பூசி கண்ணில் தெறித்தால் ஓரிரு நாளில் கண் சிவந்து, நீர் வடியும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே சரியாகும். உடனே நல்ல நீரில் கழுவுங்கள், தெளிப்பான் பயன்படுத்துபவர் கண்ணாடியும் முகக்கவசமும் போடட்டும்.

எண்ணெய்த் தடுப்பூசி விரலில் குத்தினால் அது அப்படியல்ல. காயம் சிறிதாகத் தெரிந்தாலும் கனிம எண்ணெய் தசைநாண் உறைக்குள் பரவி, வீக்கத்தால் இரத்த ஓட்டம் அடைபட்டு, விரலையே இழக்க நேரலாம். அழுத்திப் பிழிவதோ, ‘நாளை பார்ப்போம்’ என்று விடுவதோ கூடாது. பாட்டிலின் லேபிளைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உள்ளே போனது கனிம எண்ணெய் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.